காட்டுப்பூ கேள்வி பதில்: நிறத்தை நம்பாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து: டீச்சர், லபுகம பக்கம் பற்றைக்குள் ஊதாப்பூ ஒன்று கண்டோம். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். ஒருவர் பொவிட்டியா என்கிறார், மற்றவர் பினர என்கிறார். எது சரி?

பதில்: பலரும் தடுமாறுவது இங்கேதான். இரண்டுக்கும் ஊதா நிறம், ஐந்து இதழ், எதிரெதிர் இலை. இலையில் நீளவாக்கில் ஓடும் நரம்புகளும் இரண்டிலும் உண்டு. ஆகவே இலையைத் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் பொவிட்டியா, வழுவழுத்தால் பினர. அடுத்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். பினரவில் ஐந்து, எல்லாம் மஞ்சள். பொவிட்டியாவில் பத்து: ஐந்து குட்டையாக மஞ்சளில், ஐந்து நீண்டு வளைந்து ஊதாச் சாயலில். பூ உதிர்ந்து கிடந்தால் இன்னும் சுலபம். பொவிட்டியா இதழ்கள் தனித்தனியே விழும். பினரவின் இதழ்கள் அடியில் ஒட்டியே இருக்கும். பினர இலங்கைக்கு மட்டுமே உரிய செடி. அதுதான் என்றால் உங்களுக்கு நல்ல நாள்!

தெஹிவளையிலிருந்து: நான் கண்ட ஊதாப்பூவுக்கு நாலு இதழ்தான். ஒன்று உதிர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை, அது ஹீன் பொவிட்டியா. நாலு இதழ், எட்டு மகரந்தத்தாள். சிங்கள வைத்தியத்தில் ஈரல் நோய்க்குப் பயன்படுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சிங்கராஜ பாதையோரம் ரோமம் படர்ந்த இலை, சின்ன வெள்ளைப்பூ, கருநீலப் பழம். அபூர்வச் செடியா?

பதில்: அபூர்வமா! கிளிடேமியா ஹிர்ட்டா என்கிற ஆக்கிரமிப்புச் செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. பொவிட்டியாவின் குடும்பம்தான், நரம்பைப் பார்த்தாலே தெரியும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஒரே கொடியில் மஞ்சள் கார்த்திகைப்பூவும் சிவப்புப் பூவும் இருக்கின்றன. இரண்டு இனமா?

பதில்: ஒரே இனம், வயதுதான் வேறு. பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, நாளாக நாளாகச் சிவக்கும். நிறத்தை விட்டு, பின்னோக்கி வளைந்த ஆறு நெளி இதழ்களையும் சுருண்டு பற்றும் இலைநுனியையும் பாருங்கள். கிழங்கைத் தோண்டப் போகவேண்டாம். கொல்சிசின் என்ற நஞ்சு முழுச் செடியிலும் உண்டு, கிழங்கில் அதிகம். வள்ளிக்கிழங்கென்று தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்: ஃபோன் ஆப்பில் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் காட்டுகிறதே?

பதில்: நீங்கள் பூவை மட்டும் நேரே படம் எடுத்திருப்பீர்கள், தம்பி. பக்கவாட்டில் ஒன்று, இலையின் மேல், கீழ், தண்டோடு இலை சேரும் இடம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். படத்தோடு நிறுத்துங்கள், ஒதுக்கக் காடுகளில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம்.