களிமண் வினையூக்கி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சைக்ளோஹெக்சனோனையும் எத்திலீன் கிளைக்காலையும் சேர்த்துக் கீட்டால் (இரண்டும் இணைந்து நீரை வெளியேற்றி உருவாகும் சேர்மம்) தயாரிக்க, கந்தக அமிலத்துக்குப் பதில் கடையில் வாங்கிய பெண்டோனைட் களிமண்ணைப் போட்டேன். நெடுநேரம் ரிஃப்ளக்ஸ் செய்தும் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்தும்) நீர் பிரியவில்லை. ஏன்?
— எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் போட்டது பெரும்பாலும் சோடியம் களிமண். பெண்டோனைட்டில் உள்ள முக்கியக் கனிமமான மாண்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளுக்கு நடுவே சோடியம் இருக்கும்வரை அமிலத்தன்மை மிகக் குறைவு. அங்கே அலுமினியம் அயனி வந்தால், தன்னைச் சூழ்ந்த நீரை இழுத்துப் புரோட்டானை விடவைக்கும். வினையை நடத்துவது அந்தப் புரோட்டான்தான்.

முதலில் மணலை நீக்குங்கள். 2% கலவையாக நீரில் நன்கு கரைத்து 8 மணி நேரம் அசைக்காமல் வைத்தால், மேல் 10 செ.மீ.யில் இருப்பது ஏறக்குறைய 2 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே. அதை மட்டும் எடுத்து உலர்த்துங்கள். அதில் 10 கிராமை, 0.5 மோலார் அலுமினியம் குளோரைடு கரைசல் 100 மி.லி.யில் ஓர் இரவு கலக்குங்கள். 12 கிராம் ஹெக்ஸாஹைட்ரேட் போதும். நீரற்ற உப்பு நீரில் சீறும், வேண்டாம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் கலங்காமல் போகும்வரை (குளோரைடு நீங்கியதற்கு அதுவே அடையாளம்) கழுவுங்கள். 110 டிகிரியில் உலர்த்துங்கள். 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். புரோட்டான் தரும் நீரும் போய்விடும். ‘நன்றாகக் காயட்டும்’ என்று உலையில் வைத்துக் கெடுப்பவர்களே அதிகம்.

வினைக்குக் கீட்டோன் 9.8 கிராம், கிளைக்கால் 7.4 கிராம், டொலுவீன் 60 மி.லி., களிமண் 1 கிராம். பிரியும் நீரைச் சேகரிக்கும் டீன்-ஸ்டார்க் குழாயில் 1.8 மி.லி. நீர் சேர்ந்தால் வினை முடிந்தது. கிளைக்காலைத் தாராளமாக ஊற்றினால் அது அடுக்குகளுக்குள் புகுந்து களிமண்ணைக் கட்டியாக்கிவிடும். வடிகட்டச் செலைட் (டயட்டம் மண் தூள்) படுகை வேண்டும். வடிதாளில் தப்பிய நுண்துகளும் துளி ஈரமும் வடித்தல் குடுவையில் சேர்ந்தால், கீட்டால் திரும்பக் கீட்டோனாகும்.

கேள்வி: பயன்படுத்திய களிமண்ணை மீண்டும் போடலாமா?

பதில்: போடலாம். மெத்தனாலில் கழுவி 110 டிகிரியில் உலர்த்துங்கள். கறுத்துப்போனதை எரித்து மீட்பது அலுமினியம் பில்லர் (அடுக்குகளுக்கு நடுவே தூண் நட்ட) களிமண்ணில்தான் பலிக்கும். அதன் ஆக்சைடு தூண்கள் 500 டிகிரியைத் தாங்கும், உங்களுடையது தாங்காது.

கேள்வி: கடையில் கிடைக்கும் கே-10 மாண்ட்மோரில்லோனைட் வாங்கினால் இத்தனை வேலையும் மிச்சமா?

பதில்: இந்த வினைக்கு ஆம். அது ஏற்கெனவே அமிலத்தில் பதப்படுத்தியது. 120 டிகிரியில் உலர்த்திப் போடுங்கள்.