மேட்டில் போகும் சைக்கிள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். வயது 34. பத்து வருடமாக புல்லட் ஓட்டுகிறேன், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பொருள் அதுதான். போன வருடம் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். உடம்புக்காக ஆரம்பித்தது, இப்போது ஞாயிறு விடிகாலையில் சைக்கிளை எடுக்காவிட்டால் அன்றைக்கு எதுவும் ஓடுவதில்லை. கிருஷ்ணகிரி போய்த் திரும்பும்போது மேலுமலையில் மூச்சு வாங்கியது. நூறு தடவையாவது புல்லட்டில் போன இடம், அது ஏற்றம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

புல்லட் நண்பர்கள் "வயசாயிடுச்சாடா?" என்கிறார்கள். சைக்கிள் நண்பர்கள் "இன்னும் புகை வண்டியை விடலையா?" என்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படி இருக்க முடியுமா? புல்லட்டை விற்றுவிட்டு எடை குறைந்த நல்ல கார்பன் சைக்கிள் வாங்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை.

இன்னொன்று. இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் விளக்கும் இல்லாமல், தள்ளாடிக்கொண்டு, ஹாரன் அடித்தாலும் ஒதுங்காமல், சில நேரம் நம் மேலேயே வருகிறார்கள். நானும் சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இவர்களுக்கு யாராவது ரோடு சென்ஸ் சொல்லித்தர வேண்டும்.

அன்புடன்,
ஓசூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது திண்ணையில் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அவர் நினைப்புதான். இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

நண்பர்களின் கேலியை விடுங்கள். இரண்டு வண்டியும் ஒரே வயிற்றில் பிறந்தவை. உங்கள் புல்லட்டின் கம்பெனி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது, 1901-ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அதே நாட்டு மோட்டார் சைக்கிள் கம்பெனி ட்ரையம்பின் கதையும் அதேதான். ஜப்பானில் ஹோண்டா 1946-ல், போரில் மிச்சமான சின்ன எஞ்சின்களை சைக்கிளில் மாட்டி விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள்ளேயே வந்தார். அவ்வளவு தூரம் எதற்கு, 1980-ல் உங்கள் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-க்கே பெடல் இருந்தது. பாலக்கோட்டுச் சந்தைக்கு அதில் தக்காளிக் கூடை கட்டிக்கொண்டு போனவர்கள் பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கார்பன் சைக்கிள் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பந்தயத்துக்குப் போகிறவர்கள் கிராம் கணக்குப் பார்க்கட்டும்.

என் அப்பா பட்டுக்கூடு வியாபாரி. தர்மபுரி அங்காடிக்கும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கும் எஸ்டி மோட்டார் சைக்கிளில் அலைந்தவர். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பழைய எஸ்டியைத் தெரியாது. ஸ்டார்ட் செய்ய உதைக்கிற கம்பியும் கியர் போடுகிற கம்பியும் அதில் ஒன்றுதான். உதைத்து, எஞ்சின் பிடித்ததும் அதே கம்பியை முன்னால் திருப்பிவிட்டால் கியர். அப்பா அதைச் செய்வது ஒரே அசைவாக இருக்கும், எது உதை எது கியர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வண்டி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், சாயங்காலம் துடைக்காமல் உள்ளே விடமாட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்தான். தர்மபுரியிலிருந்து அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வரைக்கும் மிதிப்பார். வழியில் பார்க்கிற அத்தனை பேரும் "ஏங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்றுதான் கேட்பார்கள். "வண்டி நல்லாத்தான் இருக்குது. அது வேலைக்கு, இது எனக்கு" என்பார். முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துப் போகும்போது, மேடு வந்தால் அவர் மூச்சு என் உச்சந்தலையில் சூடாகப் படும். அதை வைத்தே மேடு வருவது எனக்குத் தெரியும். நீங்கள் மேலுமலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தச் சூடுதான் ஞாபகம் வந்தது, தம்பி. நூறு தடவை போன சாலையில் ஒரு ஏற்றம் இருப்பதைக் கண்டுபிடித்து ஒருவர் எழுதுகிறார் என்றால் அவர்மேல் எனக்குத் தனி அன்பு வந்துவிடுகிறது.

அதனால்தான் கடைசிப் பத்தியைப் படித்ததும் அவ்வளவு கோபம் வந்தது. மேலுமலையில் மூச்சு வாங்கியவரா இதை எழுதினார்? எந்த உரிமையில் எழுதினீர்கள்? சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற உரிமையிலா?

சைக்கிள் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அது சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரத்தை உடம்புக்குக் கீழே மறுபடி கொண்டுவந்துகொண்டே இருக்கிறோம். வேகமாகப் போகும்போது இந்தத் திருத்தம் நூலளவு போதும், பின்னால் வருகிறவருக்குக் கண்ணிலேயே படாது. வேகம் குறையக் குறையத் திருத்தம் பெரிதாகும். மேட்டில், நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால் ஒரு அடி அந்தப் பக்கம், ஒரு அடி இந்தப் பக்கம் போய்த்தான் ஆகவேண்டும். அது தள்ளாட்டமே கிடையாது, விழாமல் இருக்க அவர் செய்கிற வேலை. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுக்க ஒரு பக்கம் இறங்குவது வேறு அதோடு சேர்ந்துகொள்கிறது.

ஒரு ஆள் நிதானமாக மிதித்தால் கிட்டத்தட்ட 100 வாட் சக்தி வரும். உங்கள் புல்லட்டுக்கு 20 குதிரைசக்தி என்று வைத்தால் கிட்டத்தட்ட 15,000 வாட். அந்த 100 வாட்டும் தூங்கி எழுந்து ஞாயிறு காலையில் போகிற உங்களுக்குத்தான். எட்டு மணிநேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்குக் காலில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? விளக்கு இல்லை என்கிறீர்கள். உங்கள் விளக்கு சார்ஜ் போட்டு மாட்டுகிற விளக்கு, நின்றாலும் எரியும். அவர் சைக்கிளில் டைனமோ இருந்தால் அது டயரில் உரசி, உருளுகிற வேகத்துக்குத்தான் வெளிச்சம் தரும். மேட்டில் வேகம் குறைந்ததும் பல்பு சிவந்து, மங்கி, கண்ணிமைக்கிற மாதிரி ஆகிவிடும். அதாவது அவர் அதிகமாக வளைந்து போகிற இடத்தில்தான் அவர் விளக்கு அணைகிறது. அங்கேதான் நீங்கள் பின்னால் போய் ஹாரன் அடிக்கிறீர்கள்.

அடித்தால் என்ன ஆகும்? பின்னால் என்ன வருகிறது என்று யாரும் திரும்பித்தான் பார்ப்பார்கள். நம் ஊரில் வண்டி வலது பக்கமாகத்தான் முந்தும், அதனால் வலது தோள் மேலாகத்தான் பார்ப்பார். கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை இழுக்கும், சைக்கிள் வலது பக்கம் வரும். "நம் மேலேயே வருகிறார்கள்" என்று எழுதினீர்களே, அவரை வரவழைத்தது உங்கள் ஹாரன். சந்தேகம் இருந்தால் வரும் ஞாயிறு ஆளில்லாத சாலையில் வெள்ளைக்கோட்டை ஒட்டி மெதுவாக மிதித்துக்கொண்டே திரும்பிப் பாருங்கள். கோடு எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற சாலையில் ஒரு மேடு. 1996, எனக்கு 22 வயது, கையில் யமஹா ஆர்.எக்ஸ். 100. முன்னால் ஒரு பெரியவர், கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கிப் போய் நீளமாக ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்த்தார். சைக்கிள் வலது பக்கம் வந்தது, நான் பிரேக் பிடித்தேன், என் வண்டி அவரைத் தொடக்கூட இல்லை, ஆனால் அவர் விழுந்துவிட்டார். மூடி தெறித்து பால் தார் மேல் ஓடியது. மேட்டுச் சாலை என்பதால் பால் தேங்காமல் கீழ்நோக்கி, என் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவர் முழங்கையைத் துடைக்கவில்லை, முதலில் கேனைத்தான் நிமிர்த்தினார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மேடுன்னு தெரியலியா சாமி?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். பையில் இருந்ததை நீட்டினேன், பாலுக்கு மட்டும் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எஸ்டியை எடுத்து என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். சந்தைக்குப் போகிற சைக்கிள் ஒன்று முன்னால் வந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டார், எஞ்சின் சத்தம் அடங்கியது, அந்த ஆள் மேடு ஏறி முடிக்கிறவரைக்கும் பத்து பதினைந்து அடி பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். எதிரில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகு சாலையின் அந்தப் பாதிக்கே போய், ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டு முந்தினார். ஹாரன் அடிக்கவே இல்லை. அத்தனை வருடம் அவர் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், அவர் இப்படித்தான் ஓட்டுகிறார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ரிப்ளெக்டரை நாலு வாங்கி, ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று ஒட்டிக்கொடுங்கள். ஒன்றின் விலை ஒரு டீ வடைக்குமேல் ஆகாது. நீங்கள் டூல் ரூம்காரர், கையில் வேலை தெரிந்தவர், ரெண்டு நிமிடத்தில் செய்துவிடுவீர்கள்.

ஆமாம், புல்லட்டை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள். சம்பாதித்து வாங்கிய முதல் பொருளை எதற்கு விற்கவேண்டும்? சைக்கிளையும் விடாதீர்கள். அடுத்த முறை எழுதும்போது, சிப்காட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற உங்கள் சாலையில் மேடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்