கரும்புகைக்கு கிளீனர் போத்தல் ஊத்தலாமா?

தலவாக்கலையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: “அண்ணே, என்கிட்ட பழைய இசுசு எல்ப் லொறி இருக்கு, டர்போ இல்லாத 4ஜேபி1 எஞ்சின். நுவரெலியால இருந்து தம்புள்ளைக்கு கரட், லீக்ஸ் ஏத்திட்டுப் போவேன், வர்றப்போ அரிசி, வெங்காயம். மாத்தளைப் பக்கம் புகையே தெரியாது, றம்பொட ஏத்தத்துல ஏறுனா பின்னால வர்ற வேன்காரன் ஹோர்ன் அடிச்சுத் திட்டுறான், அவ்வளவு கறுப்பு. பார்ட்ஸ் கடையில ஒரு கிளீனர் போத்தலக் காட்டி டீசல் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தலாமா? புகை டெஸ்டும் கிட்ட வருது.”

ஊத்தலாம் தம்பி, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க சொல்ற புகைக்கு மருந்து அந்தப் போத்தல்ல இல்ல. மாத்தளையில இல்லாத புகை றம்பொடயில வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரம், கொழும்புல இருக்குற காத்த விட அங்க கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கம்மி. உங்க லொறியில எஞ்சினுக்கு டீசல் அனுப்புற சாதா பம்புக்கு அது எங்க தெரியும், கீழ எவ்வளவு டீசல் அடிக்குமோ மேலயும் அதேதான் அடிக்கும், காத்து பத்தாம எரியிற டீசல் கரியாத்தான் வெளிய வரும். அதனால லோடோட ஏறுறப்போ கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும், கியர இறக்கி ஆக்சிலேட்டர முழுசா மிதிக்காம ஏறிப் பாருங்க, அதுலயே எவ்வளவோ குறையும்.

வேன்காரன் திட்டுற அளவுக்கு வருதுன்னா வேற ஏதோ இருக்கு. மொதல்ல ஏர் கிளீனரக் கழட்டி உள்ளுக்கு ஒரு பல்பப் பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் வெளிய வரலேன்னா தட்டித் தட்டிப் போடாதீங்க, புதுசு வாங்குங்க. அடுத்தது பம்புக்குப் பின்னால புல் லோட் ஸ்குரூ இருக்கும், கூடுனபட்சம் எவ்வளவு டீசல் போகணும்னு வைக்கிறது அதுதான், அதோட சீல் உடைஞ்சு லொக் நட்டுல புதுசா ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்தா யாரோ ‘இழுவை பத்தல’ன்னு டீசலக் கூட்டி விட்டிருக்காங்கன்னு அர்த்தம். நான் பாத்த பழைய எல்ப்ல பாதிக்குப் பாதி இந்தக் கேஸ்தான். அத நீங்களா திருப்ப வேணாம், பம்ப் வேலை தெரிஞ்ச பாஸ்கிட்டக் குடுங்க.

அப்புறம் நொசில், அதாவது எஞ்சினுக்குள்ள டீசலத் தூவுற பார்ட். டெஸ்டர்ல மாட்டி கைப்பிடிய அழுத்துனா நல்ல நொசில் ‘கிர்ர்ர்’னு சத்தம் போட்டு பனி மாதிரி தூவும், அடிச்சு முடிச்சப்புறம் நுனி காஞ்சு இருக்கும். கெட்டுப்போனது மூக்கு ஒழுகுற பிள்ளை மாதிரி சொட்டிக்கிட்டே இருக்கும். போத்தலுக்கு வேலை இருக்குற எடம் இதுதான். ஓட்டையில கரி படிஞ்சு தூவல் கோணலாப் போனா அதுல இருக்குற டிடர்ஜென்ட் அந்தக் கரியக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு விடும். நொசிலுக்குள்ள இருக்குற ஊசி தேஞ்சு போயிருந்தா பத்துப் போத்தல் ஊத்துனாலும் தேஞ்சது வளராது, நொசில மாத்தத்தான் வேணும். பிஸ்டன் ரிங் தேஞ்சு எஞ்சின் ஒயில் எரிஞ்சா புகை நீலமா வரும், அதுக்கும் இது ஆகாது.

அதனால ஒவ்வொரு தடவையும் ஊத்துறது என் கணக்குல கடைக்காரருக்குத்தான் லாபம். எஞ்சின் ஒயில் மாத்துற நேரம் டீசல் டேங்க்ல ஒரு தடவ ஊத்துனாப் போதும். ‘டீசல்’னு போட்ட போத்தலா பாத்து வாங்குங்க, பெற்றோல் கிளீனர் வேணாம். அளவு போத்தல்லயே இருக்கும், கூட ஊத்தாதீங்க, மொதல்ல மருந்த ஊத்திட்டு அதுக்கு மேல டீசல் அடிச்சா நல்லா கலந்துரும். மண்ணெண்ணெய் ஊத்துனா சுத்தமாகும்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க. உங்க பம்புக்கு உள்ள தனியா ஒயில் கெடையாது, ஓடுற டீசல்தான் அதுக்கு எண்ணெய், மண்ணெண்ணெயில அந்த வழுக்கு இல்ல. 2022ல டீசல் இல்லாத நேரம் கலந்து ஓட்டுன ஒரு லொறியோட பம்பப் பிரிச்சேன், உள்ள கேம் ப்ளேட் பூரா கீறல், அத ரிப்பேர் பண்ண செலவழிச்ச காசுக்கு எத்தனை போத்தல் வாங்கியிருக்கலாம்னு அந்த மனுசன் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தாரு.

நம்ம பக்கத்துல எனக்கு கரிய விடப் பயம் தண்ணிதான். ராத்திரி குளிருக்கு அரை டேங்க்கோட நிப்பாட்டுனா டேங்க் உள்சுவர்ல வேர்த்து அந்தத் தண்ணி அடியில எறங்கும், பம்பும் நொசிலும் துருப்பிடிக்கிறது அதுலதான். முடிஞ்சா சாயங்காலமே டேங்க நிரப்பி வைங்க. வாரத்துக்கு ஒரு காலையில ஸ்டார்ட் பண்ண முந்தி டீசல்ல இருந்து தண்ணியப் பிரிக்கிற வோட்டர் செப்பரேட்டரோட அடி நட்ட லூஸ் பண்ணி ஒரு கிளாஸ்ல பிடிங்க, தண்ணி இருந்தா அடியில முத்து முத்தா உருளும், டீசல் மட்டும் வர்ற வரைக்கும் விட்டுட்டு இறுக்குங்க.

புகை டெஸ்டுக்குப் போற அன்னைக்கு எஞ்சின் நல்லா சூடேற கொஞ்ச தூரம் இழுத்து ஓட்டிட்டுப் போங்க, லைன்ல நிக்கிறப்போ சும்மா ஐட்லிங்ல விட்டுக்கிட்டே இருக்காதீங்க, ஐட்லிங்லதான் கரி சேரும்.

இன்னொண்ணு, போத்தல ஊத்துன மொத ரெண்டு டேங்குக்கு டீசல் பில்டர் ஒண்ணும் ஸ்பேனரும் கேபின்ல இருக்கட்டும். வருசக்கணக்கா டேங்க் அடியில படிஞ்ச அழுக்கும் சேர்ந்து கிளம்பும், பில்டர் அடைச்சா லொறி இழுக்காது, அது லோடோட பாதி ஏத்தத்துலதான் நடக்கும்.