வாசகர் கேள்வி பதில்: கணக்கும் தோட்டாவும்

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் பித்தகோரஸ் தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் கண்டதாக என் மகனின் கணக்கு ஆசிரியர் வகுப்பில் சொன்னாராம். உண்மையா?

பதில்: உண்மைதான். அவர் 20-ஆவது ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட். நிரூபணம் ஒரு கல்வி இதழில் வெளியான 1876-இல் அவர் ஒஹையோவிலிருந்து தேர்வான அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார். சக உறுப்பினர்களோடு பொழுதுபோக்காகக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை அது.

ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றின் குட்டைப் பக்கமும் மற்றதன் நெட்டைப் பக்கமும் கோட்டில் படிந்திருக்க, மேலே நிற்கும் இரு உச்சிகளையும் இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். இரு கர்ணங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு செங்கோண முக்கோணமும் தானாக அமைந்துவிடும். சரிவகத்தின் பரப்பை அதற்குரிய வாய்பாட்டால் ஒருமுறையும், மூன்று முக்கோணங்களின் பரப்பைக் கூட்டி மறுமுறையும் கண்டு சமப்படுத்துங்கள், தேற்றம் வந்துவிடும். நான்கு முக்கோணங்களைச் சதுரத்துக்குள் அடுக்கும் பழைய நிரூபணத்தில் பாதிதானே இது என்று சிலர் சொல்வார்கள். பாதித் தாளில் முடிகிறது என்பதுதான் இதன் அழகு என்பேன்.

கேள்வி: அவரும் லிங்கனைப் போல ஏழைக் குடும்பத்தில் பிறந்தவரா?

பதில்: ஆம். 1831-இல் ஒஹையோவில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிலில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் எலைசாதான் பண்ணையைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதில் கார்ஃபீல்ட், கால்வாய்ப் படகை இழுக்கும் விலங்குகளைக் கரையோரமாக ஓட்டிச் செல்லும் வேலைக்குப் போனார். பலமுறை கால்வாயில் விழுந்து எழுந்து, சில வாரங்களில் கடும் காய்ச்சலோடு வீடு திரும்பினார். பிறகு துப்புரவுப் பணியாளராக வேலை செய்துகொண்டே படித்த ஹைரம் கல்வி நிலையத்திலேயே சில ஆண்டுகளில் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று தளபதியாக உயர்ந்தார்.

ஜனாதிபதிப் பதவியோ அவர் தேடிப் போனதன்று. 1880-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் ஜான் ஷெர்மனின் பெயரை முன்மொழிவதற்காக வந்தவர் அவர். முன்னாள் ஜனாதிபதி கிராண்டின் அணியும் பிளெய்னின் அணியும் விட்டுக்கொடுக்காமல் சுற்றுக்குச் சுற்று மோதி அலுத்தபின், 36-ஆவது சுற்றில், முன்மொழிய வந்தவரையே வேட்பாளராக்கிவிட்டார்கள். தேர்தலில் 90 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பதிவாகியும், அவருக்கும் எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஹான்காக்குக்கும் இடையிலான வித்தியாசம் பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. மகன் பதவியேற்பதை நேரில் கண்ட முதல் ஜனாதிபதித் தாய் என்ற பெருமை எலைசாவுக்குக் கிடைத்தது.

கேள்வி: கார்ஃபீல்டைக் கொன்றது தோட்டாவா, மருத்துவமா?

பதில்: 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்ல்ஸ் கிட்டோ அவரைப் பின்னாலிருந்து சுட்டான். கையை உரசிச் சென்ற ஒரு தோட்டாவால் ஆபத்தில்லை. முதுகில் பாய்ந்த மற்றொன்று முதுகுத்தண்டைக் கடந்து இடப்பக்கம் போய்த் தங்கிவிட்டது. அது அப்படியே கிடந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்றே பின்வந்த மருத்துவர்கள் பலர் கருதினார்கள். ஆனால் நிலையத்தின் தரையிலேயே கழுவாத விரல்களும் கருவிகளும் காயத்துக்குள் நுழைந்தன. கிருமிகளை ஒழித்து அறுவை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867-இலேயே வெளியிட்டிருந்தும், அமெரிக்க மருத்துவர் பலர் அதைப் பொருட்படுத்தாத காலம் அது.

தலைமை மருத்துவர் பிளிஸ், தோட்டா வலப்பக்கம் இருக்கிறதென்று உறுதியாக நம்பினார். தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்தபோதும் வலப்பக்கத்தைத் தேடவே அனுமதி கிடைத்தது. மெத்தையிலிருந்த உலோகச் சுருள்கள் வேறு கருவியைக் குழப்பின. சீழ் பரவி, நல்ல பருமனாக இருந்த மனிதர் எலும்பும் தோலுமானார். செப்டம்பரில் கடற்காற்றுக்காக நியூ ஜெர்சியின் எல்பரனுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். ரயில் வாசலிலேயே நிற்கவேண்டும் என்பதற்காக, அரை மைலுக்கு மேல் தண்டவாளத்தை ஊர் மக்களும் தொழிலாளர்களும் ஒரே இரவில் போட்டுமுடித்தார்கள். சுடப்பட்ட 79-ஆவது நாள், செப்டம்பர் 19 அன்று, 49 வயதில் இறந்தார். தான் சுட்டது மட்டுமே உண்மை, கொன்றவர்கள் மருத்துவர்கள் என்று கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். வாதத்தில் பாதி சரிதான். ஆனாலும் 1882-இல் தூக்கிலிடப்பட்டான்.

கேள்வி: கிட்டோவுக்கு அவர்மேல் என்ன பகை?

பதில்: வேலை கிடைக்காத ஆத்திரம். வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது அன்றைய வழக்கம். யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு தேர்தல் உரையை எழுதியதற்குக் கைம்மாறாகப் பாரிஸில் தூதரகப் பதவி வேண்டுமென்று கிட்டோ மாதக்கணக்கில் அலுவலக வாசல்களில் காத்துக்கிடந்தான். இந்தப் பதவிப் பங்கீட்டுப் போட்டி மேல்மட்டத்திலும் இருந்தது. துறைமுகச் சுங்க வரியை வசூலிக்கும் நியூயார்க் சுங்க இல்லத்தின் தலைமைப் பதவி யாருக்கு என்பதில் செனட்டர் கான்க்லிங்கோடு கார்ஃபீல்டே பெரும் சண்டையிட்டு வென்றிருந்தார்.

அவருக்குப் பின் பதவியேற்ற செஸ்டர் ஆர்தர், அதே கான்க்லிங்கின் ஆள். அதே சுங்க இல்லத்தில் தலைவராக இருந்து நீக்கப்பட்டவர். அந்த ஆர்தர்தான், தேர்வெழுதித் தேறியவர்களுக்கே குறிப்பிட்ட அரசுப் பணிகள் என்று விதித்த பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரியில் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளே அதன்கீழ் வந்தன.