காவடியும் ஆறாயிரம் வெள்ளி கேமராவும்

கேள்வி: தைப்பூசத்தில் காவடிப் படம் எடுக்க ஆறாயிரம் சிங்கப்பூர் வெள்ளியில் கேமரா வேண்டும் என்று என் மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். திறமை இருந்தால் கைப்பேசியே போதாதா? (ஒரு தாய், ஈசூன்)

பதில்: சகோதரி, கேமராவை அப்புறம் பார்ப்போம். தைப்பூசம் என்று எழுதிவிட்டீர்கள், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் நடப்பதைப் பார்த்து வயிறு எரிகிறது. அலகு குத்தும் இடத்தில் ஒருவர் கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று ‘வேல் வேல்’ சொல்லும் அவருடைய அம்மாவையும் அக்காவையும் முழங்கையால் ஒதுக்கிவிட்டு, கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி லென்சை நீட்டுவார்கள் படக்காரர்கள். பளீரென்று ஃப்ளாஷ் அடிக்கும். விரதமிருந்து வந்தவருக்கு இதெல்லாம் தேவையா? படத்தில் தோலின் துளைகூடத் துல்லியமாகத் தெரியும். அந்த மனிதரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கல்யாண மேடைக்கும் இதே கதிதான். தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் முழுக்கப் பார்ப்பது படக்காரர்களின் முதுகை. இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். அவர்கள் நகரும்வரை எழுதுவேன்.

திறமை என்று நான் முதலில் சொல்வது, எங்கே நிற்பது என்று தெரிவதை. காவடி கட்டும் குடும்பத்தோடு முன்கூட்டியே நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். காவடியைத் தோளில் ஏற்றும்போது கூட்டம் மயிலிறகைப் பார்க்கும். தங்கை மட்டும் அண்ணனின் முழங்காலைப் பார்ப்பாள், நடுங்குகிறதா என்று. ஊர்வலம் முடியும் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் காவடியை இறக்கி, அலகைக் கழற்றி, விபூதியை வைத்து அழுத்துவார்கள். என்னைக் கேட்டால் படம் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்ப் புகைப்படக்காரர் யிப் சியோங் ஃபன்னை உங்கள் மகனுக்குத் தெரியுமா? கடல் படங்களால் பெயர் வாங்கியவர், 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். விடியற்காலையில் படகு வலிப்பவர்களை 1957இல் அவர் எடுத்த படத்தை இன்றும் எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். நூறு படம் தட்டிவிட்டு ஒன்றைப் பொறுக்கும் வசதி ஃபிலிம் காலத்தில் ஏது? வெளிச்சம் வரும்வரை கரையில் காத்து நிற்க வேண்டும்.

சரி, கேமரா. கருவியே முக்கியமில்லை என்று உங்கள் பக்கம் பேசவும் மாட்டேன். முதல் காவடிகள் புறப்படுவது இருட்டில். ஆடுகிற காவடியைக் கலங்காமல் பிடிக்க, நொடியில் 250இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.8 லென்சில் அந்த வேகம் கிடைக்கும் இடத்தில், கேமராவோடு சேர்த்துத் தரும் லென்சை எஃப் 5.6இல் வைத்தால் ஏறக்குறைய 25இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். வெளிச்சத்தில் பத்து மடங்கு வித்தியாசம். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அங்கே காவடி புகையாகத்தான் விழும். சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் பறவைகளைப் படம் எடுப்பவருக்கு நீண்ட லென்ஸ் இல்லாமல் ஆகாது, அதுபோலத்தான் இதுவும். கைப்பேசி பகலுக்குத் தாராளமாகப் போதும். இரவில் ஓடியாடுவதை எடுக்கத் திணறும்.

ஆனால் அதற்கு ஆறாயிரம் தேவையே இல்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குத் தம்பியை அழைத்துப் போங்கள். பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றும், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். பெரிய கம்பெனிகள் விற்பதிலேயே மலிவான லென்சுகளில் அதுவும் ஒன்று. ஜூம் கிடையாது, நடந்துதான் கிட்டே போக வேண்டும். அதற்குள் ஆளோடு பேசிப் பழகிவிடுவான்.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்துக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் பெயர் இருப்பதில்லை. ‘காவடி எடுத்த பக்தர்’, ‘விழாவில் பெண்கள்’ என்று அனுப்புகிறார்கள். அவருக்குப் பெயர் இல்லையா? நம் வீட்டுப் பழைய ஆல்பங்களிலும் தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்ல இன்று ஆளில்லை. தம்பி பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். காவடி எடுத்தவரின் பெயர், ஊர், பக்கத்தில் நின்ற தங்கையின் பெயர், போடலாம் என்ற அவர்கள் சம்மதம், இவற்றோடு படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அடுத்த தைப்பூச இதழில் முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.