சமீபகாலமாக நீங்கள் படிப்பது, பார்ப்பது, கேட்பது என்னென்ன?

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வழியில்லை. எனக்கு மூன்றும் ஒரே புத்தகத்திலிருந்து கிளம்பியவை.

படிப்பது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. தமிழ்த் தாத்தா ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததோடு நம்மில் பலர் அவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறோம். எண்பத்தைந்தை நெருங்கும் வயதில் எழுத உட்கார்ந்த மனிதருக்கு இத்தனை குறும்பும் இத்தனை ஞாபகமும் இருந்தது எனக்குப் புதுச் செய்தி.

கேள்வி ‘என்ன படிக்கிறீர்கள்’ என்று இருப்பதால் ஒரு இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1880-ஆம் ஆண்டு. ஐயருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்கிறார் முதலியார். பிள்ளையவர்களின் பெயரைச் சொன்னதும் முகம் மலரும் என்று எதிர்பார்த்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பக்கம் பேச்சைத் திருப்புகிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. பிள்ளையவர்களே பாடம் சொன்னதில்லை.

இதை அவர் எழுதியிருக்கும் விதம்தான் அழகு. அவமானப்பட்டேன் என்று புலம்பவும் இல்லை, அன்றே ஞானம் வந்தது என்று பூசி மெழுகவும் இல்லை. உள்ளுக்குள் கோபம் வந்ததையும், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்ததையும் ஒளிக்காமல் வைத்திருக்கிறார். பிறகு முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தால் பல இடங்கள் விளங்கவில்லை. அது ஜைன காவியம். சரி, ஜைனர்களையே கேட்போம் என்று கும்பகோணத்திலேயே அவர்கள் குடியிருந்த தெருவுக்குப் போகிறார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் படிப்பு அன்றுதான் பூர்த்தியானதாம்! கல்லூரித் தமிழாசிரியர் கண்ணால் பார்த்திராத நூலை, அதே ஊரில் ஒரு குடும்பம் படித்து முடித்துத் தோரணம் கட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது.

கேட்பது நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மாணவராக இருந்தபோது ஐயர் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டார். ஐயரின் தந்தை சங்கீத வித்துவான். பையனும் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியம் தேறாது என்பது பிள்ளையவர்களின் கட்சி. விஷயம் அவர் காதுக்கு எட்டியதும் பாட்டு வகுப்பு நின்றது. அந்தப் பிள்ளையவர்களிடம்தான் பாரதியார் தமது நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முன்னுரைச் செய்யுள், கேட்டு நடையாய் நடந்திருக்கிறார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவர், ஒருநாள் பாரதியாரே பாடக் கேட்டுக் கண் கலங்கிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார்.

அதைப் படித்த கையோடு அந்தக் கீர்த்தனைகளில் ஒன்றான ‘வருகலாமோ’ கேட்டேன். மாஞ்சி ராகம். சாதியால் கோயிலுக்குள் விடப்படாத பண்ணையாள் நந்தன் பாடுவது. கோயிலுக்குள் வரலாமா என்று கேட்பவன் குரலை உயர்த்தாமல் கேட்கிறான். மேல் ஸ்தாயியில் கூவிப் பாடுபவர்கள் இதைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பார்ப்பது 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’. தேவாரம் பாடும் மரபில் வந்த எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தன். அவனுடைய பண்ணையாரான வேதியராகச் செருகளத்தூர் சாமா. இணையத்தில் கிடைக்கும் பிரதியில் படம் மங்கல், ஒலி கரகரப்பு. பாட்டுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். நடிப்பில் சாமாவைத்தான் அதிகம் கவனித்தேன். ஏனென்றால் அந்த வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. சேக்கிழாரின் நந்தனைப் பண்ணையார் யாரும் தடுக்கவில்லை. சிதம்பரம் போக அனுமதி கேட்டால் முதலில் நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்துவிட்டுப் போ என்று சொல்லும் ஆளை உருவாக்கிச் சேர்த்தவர் பாரதியார், அவரே பிராமணர். 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணைகளைக் கண்ணெதிரே பார்த்தவருக்கு அந்தக் கதாபாத்திரத்தைத் தேடி எங்கும் போக வேண்டியிருந்திருக்காது. ஆனால் ஒரே இரவில் தெய்வச் செயலால் பயிர் விளைந்து, வேதியர் நந்தன் காலில் விழுந்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் தீயில் இறங்க வேண்டியவன் என்னவோ நந்தன்தான். படத்தில் பாட்டு உருக்கும்போதெல்லாம் இந்த உறுத்தலும் கூடவே வந்தது.

இதற்கு முந்தைய 1935-ஆம் ஆண்டு நந்தனாரில் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நடித்தார், லட்ச ரூபாய் சம்பளத்துக்கு. வேதியராகக் கர்நாடக சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர்! அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்து, ஐயர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம். இரண்டு பாகம். முதல் பாகம் நூலகத்தில் வேறொருவர் கையில் இருக்கிறது. திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.