கேள்வி – பதில்: இரண்டாவது ஆல்பத்துக்கு ஏன் இத்தனை திட்டு?

கே: ஒரு இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) குழுவின் முதல் ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டாவது வந்ததும் சிலர் ‘அரைத்த மாவையே அரைக்கிறார்கள்’ என்கிறார்கள், சிலர் ‘பழைய சத்தம் எங்கே போச்சு’ என்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகர், தேவகோட்டை

ப: இரண்டு திட்டும் பிறப்பது ஒரே இடத்தில்: முதல் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்து அளப்பதில். முதல் ஆல்பத்துப் பாட்டுகள் பல வருடம் சின்ன மேடைகளில் அடிபட்டுத் தேறியவை. இரண்டாவதை ஊர் ஊராகச் சுற்றும் நடுவில் எழுதவேண்டும். ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் குழுவுக்கு இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே இடைவெளி 15 மாதம்தான் (2006 ஜனவரி, 2007 ஏப்ரல்). பிரிட்டனில் முதல் வார விற்பனை 3.6 லட்சத்திலிருந்து 2.2 லட்சத்துக்குச் சற்று மேல் என்று இறங்கியது. ஆனாலும் முதலிடம் கிடைத்தது, வேகமும் கனமும் கூடியதை விமர்சகர்கள் மெச்சினார்கள். தாமதித்தாலும் தப்பமுடியாது. ஸ்டோன் ரோஸஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவினர் 1989-இல் முதல் ஆல்பம் தந்தபிறகு, இரண்டாவதோடு 1994 டிசம்பரில்தான் வந்தார்கள். கனத்த கிட்டார் ராக்கோடு வந்ததால், பழைய ஆட்டத் தாளத்துக்காகக் காத்திருந்தவர்கள் சுணங்கிப்போனார்கள்.

வீசர் என்ற அமெரிக்கக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘பிங்கர்டன்’ (1996) விஷயம் இன்னும் சுவையானது. பெரிய நிறுவனம் வெளியிட்டதால் இண்டி என்று சொல்ல முடியாது, ஆனால் பின்னால் வந்த பல இண்டிக் குழுக்களுக்கு அதுதான் அரிச்சுவடி. முதல் ஆல்பத்தை ரிக் ஒகாசெக் தயாரித்தார், எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டாவதைக் குழுவே தயாரித்தது: கிட்டார் கரகரக்கும், குரல் உடையும். ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் சேர்த்தார்கள். 2004-இல் அதே பத்திரிகை 5 நட்சத்திரம் கொடுத்தது. ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, காதுதான் பழகியது. ஆகவே முதல் வாரத் தீர்ப்பை நாங்கள் பாதிக்கு மேல் மதிப்பதில்லை.

கே: விமர்சனங்களைத் திரட்டி 100-க்கு மதிப்பெண் போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 74 என்றால் சுமாரா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: இல்லை. அங்கே 61 முதல் 80 வரை ‘பொதுவாக நல்ல வரவேற்பு’ என்றே கணக்கு. அது விமர்சகர்களின் சராசரி. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. கேட்பவர்கள் தரும் மதிப்பெண் 10-க்குத் தனியாக இருக்கும். பத்துப் பேர் 74 தந்தாலும், பாதிப் பேர் 95, மீதிப் பேர் 53 தந்தாலும் சராசரி 74தான். இரண்டாவது ரகத்து ஆல்பத்தைத்தான் அவசியம் கேளுங்கள்.

கே: எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஸ்பீக்கரில் கேட்டால் டிரம்ஸ் குழைகிறது. ‘மிக்ஸிங் (கருவிகளையும் குரலையும் கலக்கும் வேலை) மோசம்’ என்று விமர்சனத்திலும் படித்தேன். குற்றம் ஆல்பத்திலா, வீட்டிலா?
– வாசகர், காரைக்குடி

ப: முதலில் ஹெட்போனில் கேளுங்கள். குழைவு மறைந்தால் வீடுதான் காரணம். நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டு தட்டுங்கள். ‘டர்ர்ர்’ என்று இழுத்தால் சந்தேகமே வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லும் வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். கண்டாங்கிச் சேலையைத் தொங்கவிட்டால் சிம்பலின் (டிரம்ஸின் உலோகத் தட்டின்) கூச்சல் கொஞ்சம் அடங்கும், பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) அசையாது. அதற்குப் பஞ்சு மெத்தைதான் வேண்டும், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர், உங்களுக்கும் ஒரு மீட்டர் என்று முக்கோணமாக, காது உயரத்தில் வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள்.

ஹெட்போனிலும் குழைந்தால் மாஸ்டரிங்கில் (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) சத்தத்தை இறுக்கியிருக்கலாம். ஸ்பாட்டிஃபையில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுவிட்டு, முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு, இரண்டாவதில் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் சத்தம் அதிகமானதே நல்லதாகத் தோன்றி ஏமாற்றிவிடும். சமமான அளவில் ஸ்னேர் (டிரம்ஸில் ‘சடக்’ என்று ஒலிக்கும் பறை) அடி முன்னால் துள்ளாமல் கிட்டாருக்குள் புதைந்து கிடந்தால், விமர்சகர் சொன்னது சரி.